வாரேன் என்றால் வருவதா, வைப்பதா

1

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவது மெஷின். முன்பு மேஸ்திரி ரூயி கூப்பிடுவார். போன வருஷம் அந்த வேலையை அவரிடமிருந்து எடுத்து மெஷினிடம் கொடுத்துவிட்டார்கள். ரூயிக்குச் சந்தோஷம். லீவு நாளில் ஆள் தேடுவது அவருக்கும் தொல்லைதான்.

லிஸ்பனுக்கு எதிர்க்கரையில் இருக்கிறோம். நடுவில் ஆறு. வேலை, ஓட்டல் துணி வெளுப்பது. விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் வண்டி வண்டியாக வரும். வெளுத்து, சூடான உருளையில் விட்டு எடுத்து, மடித்து அனுப்புவோம். குற்றாலத்தில் லாட்ஜில் இருந்தபோது விரிப்பு மாற்றினேன். இங்கே விரிப்பு வெளுக்கிறேன். தொழில் மாறவில்லை. நாடுதான் மாறியிருக்கிறது.

மெஷின் வந்தபோது எந்த மொழியில் போன் வர வேண்டும் என்று கேட்டார்கள். திரையில் வரிசையாக மொழிகள் இருந்தன. தமிழும் இருந்தது. அதைத் தொட்டேன்.

ஒரு வியாழக்கிழமை முதல் போன் வந்தது.

"வணக்கம் குத்தாலிங்கம் அவர்களே."

குத்தாலிங்கம் என் அப்பா. நான் மாடசாமி. இந்த ஊர்க் காகிதத்தில் கடைசியில் இருக்கும் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எல்லா ஆபீஸிலும் நான் அப்பா பெயரில்தான் இருக்கிறேன். அவர் இறந்து வெகுநாள் ஆயிற்று. இங்கே இன்னும் துணி வெளுக்கிறார்.

பெண் குரல். ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருந்தது. "வரும் ஞாயிற்றுக்கிழமை கூடுதல் பணிக்குத் தங்களால் வர இயலுமா?"

அந்தக் கம்பெனியில் என்னிடம் தமிழில் பேசிய முதல் குரல் அதுதான். உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்று பேசினேன்.

"இல்லம்மா. ஞாயித்துக்கெழம முடியாது. வீட்டுக்காரிய வேலைக்குக் கொண்டு விடணும்."

"புரிந்துகொண்டேன். வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?"

"ஒண்ணுமில்ல. அப்பம் வாரேன்."

"மிக்க நன்றி."

வைத்துவிட்டேன். என் மனைவி சண்முகத்தாய் அடுப்படியில் நின்றாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்தில் வேலை. அன்றைக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

"யாரு போன்ல?" என்றாள்.

"கம்பெனி மெஷின். நல்ல மரியாதையாப் பேசுது."

பிறகு அடிக்கடி வந்தது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத்தான். ஒவ்வொரு தடவையும் முடியாது என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டுதான் வைத்தேன்.

2

இந்த வருஷம் மாசி மாதம் போனில் ஒரு தகவல் வந்தது. போர்த்துகீசில் இருந்தது. கம்பெனியிலிருந்து வருகிற தகவல் எல்லாம் எழுத்தில் வந்தால் போர்த்துகீஸ்தான். பேசுவது மட்டும் தமிழ். நான் ஊரில் எட்டு வரை படித்தவன். இந்தப் பாஷையைப் பேசச் சமாளிப்பேன், படிக்க ஆகாது. சின்னத் தகவலைப் பார்க்காமலே விட்டுவிடுவேன், இது நீளமாக இருந்ததால் மகள் மதியிடம் கொடுத்தேன். அவள் பள்ளிக்கூடம் போகிறாள். கைக்குழந்தையாகத் தென்காசியில் விட்டு வந்தேன். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில் அம்மாவோடு இங்கே வந்தவள்.

அவள் ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"அப்பா, உங்க கான்ட்ராக்ட் முடியுதுல்ல, அது திரும்ப போட மாட்டாங்களாம்."

"எதுக்காம்?"

"நீங்க வாரேன்னு சொல்லிட்டு வரல்லியாம். நிறைய தடவ."

நான் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறேன். ஆள் மாறிப் போயிருக்கும் என்று சொன்னேன். மதி திரையைக் காட்டினாள். குத்தாலிங்கம் என்றுதான் போட்டிருந்தது.

இதில் என்ன பெரிய விஷயம், வேறு வேலை பார்க்கலாமே என்று ஊரில் நினைப்பீர்கள். இங்கே இருப்பதற்கு ஒரு அட்டை உண்டு. அது காலாவதியாகப் போகிற நேரம். புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் காட்ட வேண்டும். அட்டை இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது.

ஆனி மாதம் ஊருக்கு வருவதாக இருந்தோம். நான் வந்து இந்த ஆனியோடு பத்து வருஷம். ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. முதலில் காகிதம் இல்லை. காகிதம் வந்த சமயம் கொரோனா. பிறகு இவர்களைக் கூட்டி வருகிற செலவு. இந்த வருஷம்தான் எல்லாம் கூடி வந்தது. அப்போது இது.

மறுநாள் ரூயியிடம் போனேன். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"நான் இல்லை. சிஸ்டம்."

"சிஸ்டத்துக்கு யார் மேஸ்திரி?"

அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. அது தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நீ வராமல் இருக்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் இருப்பதில்லை. அன்றைக்கு மேஸ்திரி வேறு. நான் என்ன சொல்ல?" என்றார். பிறகு தொழிற்சங்க ஆபீஸுக்குப் போகச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே என்றார்.

3

சங்க ஆபீஸில் ஒரு நடுவயதுப் பெண் இருந்தாள். மதியைக் கூட்டிப் போயிருந்தேன். அந்த அம்மாள் சொல்வதை மதி தமிழில் சொல்ல வேண்டும். மதியின் தமிழ் அவ்வளவுதான். பாதி தமிழ், பாதி கையால் காட்டுவது.

"அப்பா, யூரோப்புக்கு எல்லாம் சேத்து புது சட்டம் இருக்காம். ஏஐ சட்டம். அதுல உங்க மெஷின் உயர்ந்த ஆபத்து."

"துணி வெளுக்கதுல என்ன ஆபத்து?"

"துணி இல்லப்பா. கூப்பிடுத மெஷின்."

"அது போன்தான பேசுது."

மதி அந்த அம்மாளிடம் கேட்டாள். அவள் பொறுமையாகச் சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இங்கே மெஷின்களை வகை பிரித்திருக்கிறார்கள். சிலது கூடவே கூடாது. வேலைக்காரன் முகத்தைப் பார்த்து அவன் மனசில் என்ன இருக்கிறது என்று கணிக்கிற மெஷினை வேலை இடத்தில் வைக்கக் கூடாது. சிலது வைக்கலாம், ஆனால் கட்டுப்பாடு உண்டு. ஆளை வேலைக்கு எடுப்பது, வேலையைப் பங்கு வைப்பது, ஆள் எப்படி என்று மார்க் போடுவது, நிறுத்துவது. இதெல்லாம் ஒரு குடும்பத்தின் சோற்றைத் தொடுகிற காரியம். அதனால் உயர்ந்த ஆபத்து. அப்படிப்பட்ட மெஷின் என்ன செய்தது என்று பதிவு இருக்க வேண்டும். மேலே ஒரு மனிதர் இருந்து பார்க்க வேண்டும். மெஷின் சொன்னது தப்பு என்றால் மாற்றுகிற அதிகாரம் அந்த மனிதருக்கு இருக்க வேண்டும்.

"நல்ல சட்டமாத்தான இருக்கு" என்றேன்.

"அந்த பார்ட் இன்னும் வரல்ல. தேதி தள்ளித் தள்ளிப் போவுதாம். எப்படி செக் பண்றதுன்னு ரூல் எழுதிட்டு இருக்காங்களாம். அது முடியல."

சட்டம் வந்துவிட்டது, அளக்கிற கோல் வரவில்லை. துணியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, முழக்கோல் பிறகு தருகிறேன் என்பது போல. அந்த அம்மாளிடம் இதைச் சொல்லச் சொன்னேன். மதி என்ன சொன்னாளோ, அந்த அம்மாள் "அதேதான், அதேதான்" என்று தலையை ஆட்டினாள்.

அதற்காகக் காத்திருக்க வேண்டாம், பழைய சட்டமே போதும் என்றாள். ஆளைப் பற்றிய தகவலைக் காப்பதற்கு இங்கே முன்னமே ஒரு சட்டம் உண்டு. மெஷின் தானாக ஒரு முடிவு எடுத்து அது உன் பிழைப்பைப் பாதித்தால், மனிதர் ஒருவர் பார்க்கட்டும் என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. உன் பக்கத்தைச் சொல்லலாம். உன்னைப் பற்றி அவர்கள் வைத்திருப்பதைக் கொடு என்று கேட்கலாம். இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத்திலும் மெஷின் எதை வைத்து முடிவெடுக்கிறது என்று முதலாளி சொல்ல வேண்டும் என்று இருக்கிறது.

அந்த அம்மாளே எழுதிக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். தமிழில்தான் போடுவேன். மாடசாமி என்று.

வரும்போது மதி கேட்டாள். "இண்டியால இந்த சட்டம் இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் இசக்கியிடம் கேட்டேன். இசக்கி குற்றாலத்து லாட்ஜில் என்னோடு வேலை பார்த்தவன். இப்போது ஐந்தருவி போகிற வழியில் சின்னதாகச் சொந்த லாட்ஜ் வைத்திருக்கிறான். வாரம் ஒரு தடவை பேசுவோம்.

"வழிகாட்டுதல்னு ஏதோ போட்டிருக்காவளாம்லே. தனிச் சட்டம்னு கெடையாதாம். நியூஸ்ல சொன்னான்" என்றான். "இங்கனயும் மெஷின்தாம்லே கூப்பிடுது. லோன் வேணுமான்னு ஒரு புள்ள பேசுனா. எந்த ஊரு தாயி, சாப்ட்டியான்னு கேட்டேன். 'தங்கள் கேள்வி புரியவில்லை'ங்கா. ஒரு புள்ளைக்குச் சாப்ட்டியான்னா புரியாதாலே? அதுக்குப் பொறவுதான் எனக்கு வெளங்குச்சு."

"என்னலே செஞ்ச?"

"சாப்பிடாத புள்ளைட்ட நான் எதுக்கு லோன் வாங்கணும்? வச்சுட்டேன்."

4

மனிதர் பார்ப்பதற்கு ஒரு நாள் குறித்தார்கள். அதற்கு முன்பு பதிவுகளை அனுப்பினார்கள். மெஷினும் நானும் பேசிய குரல், பக்கத்திலேயே அதன் போர்த்துகீஸ் எழுத்து. மதி மேஜைமேல் போனை வைத்து ஓட்டினாள். மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம்.

என் குரலை நான் அதுவரை வெளியே இருந்து கேட்டதில்லை. அப்பா பேசுவது போலவே இருந்தது.

"ஞாயித்துக்கெழம முடியாது… ஒண்ணுமில்ல. அப்பம் வாரேன்."

மதி எழுத்தைப் படித்தாள். "முடியாது. ஒன்றுமில்லை. அப்படியானால் வருகிறேன்." அதற்குக் கீழே பச்சையில் ஒரு குறி. வருவதாக ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம்.

அடுத்த பதிவு. "வாரேம்மா." பச்சைக் குறி. அதற்கடுத்தது. "சரி, போயிட்டு வாரேன்." பச்சைக் குறி.

சண்முகத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்.

"நீங்கதான வாரேன் வாரேன்னு சொல்லியிருக்கீங்க. அது என்ன செய்யும் பாவம்? ஞாயித்துக்கெழம பூரா வாசல்ல ஒக்காந்து ஒங்களப் பாத்திருக்கும்."

"சிரிக்காத."

"மெஷின்ட்ட எதுக்குப்பா வாரேன்னு சொல்லுதீங்க? கட் பண்ணிர வேண்டியதுதான?" இது மதி.

"பேசிட்டு சொல்லாமக் கொள்ளாம வைக்கதா?"

"ரூயிட்ட சொல்ல மாட்டீங்க. அவர்ட்ட ச்சாவ்னுதான் சொல்லுவீங்க."

அவள் சொன்னது சரிதான். இந்த ஊரில் விடைபெறுவது அப்படித்தான். ரூயியிடம் ச்சாவ். கடைக்காரியிடம் ச்சாவ். பத்து வருஷமாகத் தெருவில் ஒருத்தரிடமும் நான் வாரேன் சொன்னதில்லை. அது தமிழில் பேசிற்று. அதனால் தமிழில் விடைபெற்றேன். போர்த்துகீசில் பேசியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

மதியிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் கிளம்பும்போது "போறேன்" என்பாள். சண்முகத்தாய் ஒவ்வொரு நாளும் திருத்துவாள். "ஏட்டி, போறேன்னு சொல்லாத. போயிட்டு வாரேன்னு சொல்லு." மதி கேட்க மாட்டாள். "போறேன்னா போறேன்தான். அப்புறம் வருவேன்ல, அப்ப வாரேன்னு சொல்லுதேன்" என்பாள். அன்றைக்கு மேஜையில் அவள் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் சொன்னது சரிதானே என்பது போல.

5

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் லாட்ஜ் போன் ஓயாது. எடுத்ததும் முதல் கேள்வி, "தண்ணி விழுதா?" விழுகிறது என்றால் அடுத்த கேள்வி, "ரூம் இருக்கா?"

நானும் இசக்கியும் மாறி மாறி எடுப்போம். ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து ஒருவர் பேசினார். ரூம் கேட்டார், வாடகை கேட்டார், சுடுதண்ணி உண்டா என்று கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "சரிப்பா, அப்ப வர்றோம்" என்று வைத்தார். முதலாளி அண்ணாச்சி பக்கத்தில் நின்றார். "வாரோம்னு சொல்லிட்டாரு, பெரிய ரூமப் பிடிச்சு வைங்கலே" என்றார். பிடித்து வைத்தோம். ராத்திரி வரை யாரும் வரவில்லை. கோவில்பட்டிக் குடும்பம் ஒன்று பிள்ளைகளோடு சாரலில் நின்று கேட்டது. அண்ணாச்சி தரவில்லை. அவர்கள் வேனுக்குள்ளேயே தூங்கினார்கள். மதுரைக்காரர் கடைசிவரை வரவே இல்லை. அவர் வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. போனை வைக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறம் இசக்கி யார் பேசினாலும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பான்.

"அண்ணாச்சி, வாரோம்னா வாரியளா, வைக்கியளா?"

சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். "என்னலே, எகத்தாளமா?" என்று ஒருவர் நேரில் வந்து சண்டை போட்டார். வந்தவர் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கினார். ஆனால் அதற்குப் பிறகு ரூம் வீணாகக் காலியாகக் கிடந்ததில்லை.

பத்து வருஷத்துக்கு முன்பு தென்காசி ரயிலடிக்கு என்னை ஏற்றிவிட வந்தவனும் இசக்கிதான். சண்முகத்தாய் குழந்தையோடு நின்றாள். வண்டி நகர்ந்ததும் வாரேன் என்றேன். வேறு என்ன சொல்வது? போறேன் என்று யாரும் சொல்வதில்லை. இசக்கி அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

6

கம்பெனியில் மனிதராகப் பார்க்க வந்தவள் கிராசா. ஆட்கள் நிர்வாகத்தைப் பார்க்கிறவள். எப்போதும் அவசரத்தில் இருப்பாள். அன்றைக்கு நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டாள். நானும் மதியும் எதிரே உட்கார்ந்தோம்.

அவள் பதிவைப் படித்திருந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது. முதலிலேயே சொல்லிவிட்டாள், முடிவை மாற்றத் தனக்கு அதிகாரம் உண்டு, ஆனால் காரணம் எழுத வேண்டும் என்று.

"முடியாது என்கிறார். உடனே வருகிறேன் என்கிறார். ஒவ்வொரு தடவையும். எதை நம்புவது?"

மதி சொன்னாள், அது விடைபெறுவது என்று. கிராசா குறித்துக்கொண்டாள்.

"ஆனால் சொல்லுக்கு அர்த்தம் வருகிறேன் என்பதுதானே?"

"ஆமாம்."

"அப்படியென்றால் மெஷின் மொழிபெயர்த்தது தப்பில்லை."

"தப்பில்லை. ஆனால் அவர் சொன்னது அது இல்லை."

"போகிறவர் ஏன் வருகிறேன் என்று சொல்கிறார்?"

மதி என்னைப் பார்த்தாள். போறேன் என்று சொன்னால் அது செத்துப் போகிறவன் சொல்வது என்றேன். மதி அதை அப்படியே சொன்னாளா தெரியாது. கிராசா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நான் நம்புகிறேன். ஆனால் இதை நான் மேலே எழுத வேண்டும். மெஷின் விற்ற கம்பெனி கேட்கும். ஒரு ஆள் தன் வசதிக்குச் சொல்கிறார் என்பார்கள்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவனும் இதையே சொல்லலாம். காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது வெளியிலிருந்து யாரோ சத்தமாகக் கூப்பிட்டார்கள். "கிராசா!"

கிராசா திரும்பாமலே கத்தினாள். "ஜா வோ!"

மதி திடீரென்று சிரித்துவிட்டாள். நான் அவள் கையைத் தட்டினேன். பெரிய இடத்தில் சிரிக்கிறாளே என்று. அவள் என்னைக் கவனிக்கவில்லை. கிராசாவிடம் கடகடவென்று பேசினாள். கிராசா முதலில் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு பேனாவைக் கீழே போட்டுவிட்டு அவளும் சிரித்தாள்.

"என்னட்டி?" என்றேன்.

"அப்பா, ஜா வோன்னா என்ன?"

"வாரேன்."

"அது நீங்க நெனச்சிருக்கீங்க. வார்த்தைய மட்டும் பாத்தா 'இப்பவே போறேன்'. இவங்க யாராவது கூப்பிட்டா போறேன்னு சொல்லிட்டுத்தான் வருவாங்க. நீங்க வாரேன்னு சொல்லிட்டுத்தான் போவீங்க. இவங்க சொன்னத அந்த மெஷின் தமிழ்ல எழுதிச்சுன்னா, கூப்ட்ட ஆள் இவங்க வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சிருவாங்க."

தினமும் எங்கள் வீட்டில் போறேன் போறேன் என்று சொன்னாளே, அது தமிழ் தெரியாமல் சொன்னதில்லை போலிருக்கிறது. போர்த்துகீஸைத் தமிழில் சொல்லியிருக்கிறாள்.

வெளியே மறுபடி கூப்பிட்டார்கள். கிராசா மறுபடி "ஜா வோ" என்றாள். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

"பாருங்க, வரவும் இல்ல, போகவும் இல்ல" என்றாள் மதி. அதை இரண்டு பாஷையிலும் சொன்னாள்.

கிராசா காரணத்தை எழுதிவிட்டாள். அது எத்தனை வரி என்று நான் பார்க்கவில்லை. ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. எழுதி முடித்துவிட்டு மெஷின் இனிமேல் என்ன கேட்டால் சரியாக இருக்கும் என்று கேட்டாள். நான் யோசிக்கவில்லை. இசக்கி கேட்கிற கேள்வியைச் சொன்னேன். மதி அதைப் போர்த்துகீசில் சொல்லத் திணறினாள். எப்படியோ சொன்னாள்.

எழுந்திருக்கும்போது வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு ச்சாவ் என்றேன்.

7

ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். பச்சைக் குறிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள்.

கிராசா மற்றவர்களுடைய பதிவையும் எடுத்துப் பார்த்திருக்கிறாள். எங்களோடு புனலூர்க்காரன் ஒருவன் இருக்கிறான். செங்கோட்டையைத் தாண்டினால் அவன் ஊர். அவனோடு மெஷின் மலையாளத்தில் பேசும். அவன் "என்னா சரி", அதாவது அப்ப சரி, என்று சொல்லித்தான் போனை வைப்பான். சரி என்றால் சம்மதம்தானே. அவனுக்கும் பச்சைக் குறிதான். ஆனால் அவன் போர்த்துகீஸ் படிப்பான். ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு என்று தகவல் வந்ததும் போய் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறான். முடியாது என்று சொன்ன பிறகும் ஏன் கூப்பிடுகிறார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. என்னிடம் சொன்னான், மலையாளம் கலந்த தமிழில். "சேட்டா, நானும் மெஷினோட வழக்கு போடவான்னு நெனச்சேன். பின்னே ஓவர்டைம் வந்துச்சு. விட்டேன்."

சட்டத்தைப் பற்றி எனக்கு வேறு சொல்லத் தெரியாது. மெஷின் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ரூயி கூப்பிட்ட காலத்தில் தனக்கு வேண்டியவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார். மெஷினுக்கு வேண்டியவர் கிடையாது. ஆனால் அது கேட்டதையே நம்பும். ஒரு பேச்சு விளங்கவில்லை என்றால் மனிதன் திருப்பிக் கேட்பான். மெஷின் திருப்பிக் கேட்காத இடத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். கிராசாவைப் போல அவசரக்காரியாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த நாற்காலி இருக்க வேண்டும். நம் ஊரிலும் இருக்க வேண்டும். சட்டம் எழுதுகிறவர்கள் சீக்கிரம் எழுதட்டும்.

மதி இன்னும் போறேன் என்றுதான் சொல்கிறாள். சண்முகத்தாய் இப்போது திருத்துவதில்லை. எப்படியும் மதி சாயங்காலம் வந்துவிடுகிறாள்.

8

போன வாரம் அட்டை வந்தது. அதே வாரம் மெஷினும் போன் பண்ணிற்று. ஞாயிற்றுக்கிழமை வேலை. முடியாது என்றேன். வேண்டுமென்றே "வாரேம்மா" என்று சொல்லிப் பார்த்தேன்.

இந்தத் தடவை அது திருப்பிக் கேட்டது.

"வருகிறேன் என்று கூறினீர்கள். தாங்கள் பணிக்கு வருகிறீர்களா, அல்லது விடைபெறுகிறீர்களா?"

"வைக்கேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சண்முகத்தாயைக் கொண்டு விட்டுவிட்டு, காரில் உட்கார்ந்து இசக்கிக்குப் போன் போட்டேன். அங்கே மத்தியானம் தாண்டியிருந்தது. முழுக்கதையையும் சொன்னேன். மெஷின் கேட்ட கேள்வியை ரேடியோத் தமிழிலேயே சொல்லிக் காட்டினேன்.

"ஏலே, அது என் கேள்விலா" என்றான்.

"ஒன் கேள்விதான்."

"எனக்குத் தெரியாம வெளிநாட்டுல ஓட்டுதானுவளா? அதுக்கு ஒரு சட்டம் கெடையாதாலே? அந்தப் பொம்பளைட்ட கேளு."

"கேக்கேன்."

"விடைபெறுகிறீர்களாவாம். நாங் கேட்டா எகத்தாளம், மெஷின் கேட்டா மரியாத." கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தான். பின்னால் வேன் சத்தம் கேட்டது. யாரோ ரூம் கேட்டார்கள். "மேல ஒண்ணு இருக்கு, போய்ப் பாருங்க" என்று அவர்களிடம் சொன்னான்.

"யாவாரத்தப் பாரு. நாம் பொறவு பேசுதேன்" என்றேன்.

"மேகம் இப்பமே மலைல எறங்கி நிக்கி. இந்தத் தடவ சீசன் முந்திரும் போலருக்கு."

"சரிலே. வாரேன்."

பத்து வருஷமாக வாரம் தவறாமல் இந்த இடத்தில் அவன் "வா" என்று சொல்லி வைத்துவிடுவான். அன்றைக்கு வைக்கவில்லை.

"ஏலே மாடசாமி."

"என்னலே?"

"வாரேன்னா வாரியா, வைக்கியா?"

அட்டை சட்டைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அதில் அப்பா பெயர்தான் பெரிதாக இருந்தது.

"ரூம் ஒண்ணு பிடிச்சு வைலே" என்றேன்.